எரியும் ஒயில், தேங்கும் ஒயில்: சிறு எஞ்சின்களுக்கு எதை ஊற்றுவது?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சிறு எஞ்சினை நம்பாமல் நடக்கும் தொழில் இன்று அரிது. படுவான்கரை வயல்களில் நீர்ப்பம்பியும் மருந்தடிக்கும் மெசினும் ஓடுகின்றன. வாழைச்சேனை, கல்முனை, ஒலுவில், பொத்துவில் கரைகளில் வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய படகுகள் கடலுக்குப் போய் வருகின்றன. தென்னந்தோட்டத்தில் புல் வெட்டும் மெசின், கடை வாசலில் சிறிய ஜெனரேட்டர், வீட்டு முற்றத்தில் மோட்டார் சைக்கிள் என்று பட்டியல் நீளும். இவை எல்லாவற்றுக்கும் ஒயில் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த ஒயில் என்று கேட்டால்தான் பதில் ஆளுக்காள் மாறுகிறது.

உதிரிப்பாகக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் உரையாடல் இது. "நல்ல ஒயிலாப் பாத்து ஒண்டு தாங்க தம்பி." "எந்த மெசினுக்கண்ணன்?" "எல்லாத்துக்கும் விடத்தான்." எல்லாவற்றுக்கும் விடக்கூடிய ஒயில் என்று ஒன்று கிடையாது. விலை கூடிய ஒயில் நல்லது, தடிப்பான ஒயில் நல்லது, கொஞ்சம் கூட ஊற்றினால் எஞ்சினுக்குப் பாதுகாப்பு, ஒயில் கறுத்தால் கெட்டுவிட்டது என்று பரவலாகச் சொல்லப்படுபவற்றில் ஒவ்வொன்றும் ஓரிடத்தில் உண்மையாகவும் இன்னோரிடத்தில் எஞ்சினைக் கொல்லும் பொய்யாகவும் இருக்கிறது. எந்த இடத்தில் எது என்பதை அறிவதற்கு, ஒயில் எஞ்சினுக்குள் எங்கே இருந்து என்ன வேலை செய்கிறது என்பதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் போதும். போத்தலில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளும் எண்களும் அதன் பிறகு தாமாகவே பொருள் தரும்.

விளக்கு எண்ணெயும் தாச்சி எண்ணெயும்

வீட்டில் எண்ணெயை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். குத்துவிளக்கில் விட்ட எண்ணெய் திரி வழியே ஏறி எரிந்து தீர்ந்துபோகும். தீரத் தீரப் புதிதாக விடவேண்டும். விளக்கில் விடும் எண்ணெயிடம் நாம் எதிர்பார்ப்பது, புகையும் கரியும் அதிகம் விடாமல் சுத்தமாக எரிவதை. தாச்சியில் வடை பொரிக்க ஊற்றிய எண்ணெய் அப்படியல்ல. அது எரியக்கூடாது, அடுப்புச் சூட்டைத் தாங்கிக்கொண்டு அங்கேயே கிடந்து, ஒரு ஈடு முடிந்து அடுத்த ஈட்டுக்கும் பயன்பட வேண்டும். பல தடவை பொரித்த பிறகு அது கறுத்துத் தடித்துப் பழுதாகும். அப்போது ஊற்றிவிட்டுப் புதிது எடுப்போம்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒயில் விளக்கில் விட்ட எண்ணெய் போன்றது: பெற்றோலுடன் சேர்ந்து உள்ளே போய், போகும் வழியில் உராய்வைத் தடுத்துவிட்டு, கடைசியில் எரிந்து புகையாக வெளியேறும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒயில் தாச்சி எண்ணெய் போன்றது: அடியில் தேங்கிக் கிடந்து, சுற்றிச் சுற்றி வேலை செய்து, குறித்த காலத்தில் மாற்றப்படும். எரிய வேண்டிய ஒயிலையும் எரியக் கூடாத ஒயிலையும் செய்பவர்கள் இரு வேறு இலக்குகளை வைத்துச் செய்கிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் அடிப்படை. ஒன்றின் சிறப்பு மற்றதில் குறையாகிவிடும்.

ஃபோர் ஸ்ட்ரோக்: ஒயிலுக்குத் தனி அறை

பிஸ்டன் என்பது சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் உலோகக் கட்டை. அது ஒரு தடவை மேலே போவதையோ கீழே வருவதையோ ஸ்ட்ரோக் என்கிறோம். பள்ளிப் பாடநூல் வழக்கில் அடிப்பு. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் வளைந்த தண்டு கிராங்க். அது சுழலும் அறை, சிலிண்டருக்கு அடியிலுள்ள கிராங்க் அறை.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் காற்றும் பெற்றோலும் உள்ளிழுக்கப்படுவது முதல் ஸ்ட்ரோக், அமுக்கப்படுவது இரண்டாவது, ஸ்பார்க் பிளக்கின் பொறியால் எரிந்து பிஸ்டனைத் தள்ளுவது மூன்றாவது, எரிந்த புகை வெளியேறுவது நான்காவது. இந்த நான்கும் முடிய கிராங்க் இரண்டு சுற்று சுற்றியிருக்கும். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் மேலேயுள்ள வால்வுகள் கவனித்துக்கொள்கின்றன. ஆகவே பெற்றோலுக்குக் கிராங்க் அறைப் பக்கம் போகவேண்டிய தேவையே இல்லை. அந்த அறையின் அடியில் ஒயிலைத் தேக்கி வைக்கலாம்.

சிறிய நீர்ப்பம்பிகளில் ஒயிலைச் சுற்றியனுப்பும் தனிப் பம்பு பெரும்பாலும் இருப்பதில்லை. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டின் அடியில் அகப்பைக் காம்பு போல ஒரு சிறு நீட்சி இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது தேங்கியிருக்கும் ஒயிலுக்குள் அடித்து, ஒயிலைத் தெறிக்க வைக்கும். அந்தத் தெறிப்புத்தான் சிலிண்டர் சுவரையும், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கையும் நனைக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் கட்டில் பம்பியைச் சாய்த்து வைப்பதைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

டூ ஸ்ட்ரோக்: பெற்றோல் போகும் வழியே ஒயிலின் வழி

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வேலை இரண்டே ஸ்ட்ரோக்கில் முடிகிறது. கிராங்கின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை எரிப்பு நடக்கும். அதனால் அதே எடைக்குக் கூடுதல் வலு கிடைக்கிறது. தோளில் மாட்டும் புல் வெட்டும் மெசினும் முதுகில் சுமக்கும் மருந்தடிக்கும் மெசினும் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக்காக இருப்பதற்கு இதுவே காரணம். இதில் வால்வுகளுக்குப் பதிலாகச் சிலிண்டர் சுவரிலேயே துளைகள் இருக்கும். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அவற்றைத் தானே மூடித் திறக்கும்.

முக்கியமான வேறுபாடு அடுத்து வருகிறது. கலவை தயாரிக்கும் காபரேட்டரிலிருந்து வரும் காற்றும் பெற்றோலும் நேரே மேலே போவதில்லை. முதலில் கிராங்க் அறைக்குள் புகுந்து, பிஸ்டன் கீழே இறங்கும்போது அங்கிருந்து தள்ளப்பட்டு மேலே செல்கின்றன. பெற்றோல் ஓயாமல் பாய்ந்துகொண்டிருக்கும் அறையில் ஒயிலைத் தேக்கி வைக்க முடியாது. எனவே ஒயிலைப் பெற்றோலிலேயே கலந்துவிடுகிறோம். பெற்றோல் ஆவியாகும், ஒயில் மெல்லிய படலமாகப் பேரிங்கிலும் சிலிண்டர் சுவரிலும் படியும், பிறகு மேலே போய் எரியும். சில மோட்டார் சைக்கிள்களிலும் வெளியிணைப்பு எஞ்சின்களிலும் ஒயிலுக்குத் தனித் தாங்கி இருந்து, சிறு பம்பு ஒன்று தேவையான அளவை அனுப்பும். கலக்கும் வேலை மிச்சமே தவிர, ஒயில் எரிந்துதான் தீரும்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெற்றோலும் ஒயிலும் சந்திக்கக் கூடாது, டூ ஸ்ட்ரோக்கில் சந்தித்தே ஆகவேண்டும்.

மாற்றி ஊற்றினால் என்ன நடக்கிறது

ஃபோர் ஸ்ட்ரோக் ஒயிலில் தேய்மானத்தைத் தடுக்கவும் அழுக்கைப் பிடித்துவைக்கவும் கல்சியம், துத்தநாகம் போன்ற உலோகங்களைக் கொண்ட சேர்மானங்கள் தாராளமாகக் கலக்கப்படுகின்றன. எரியாமல் தேங்கிக் கிடக்கும்வரை இவை மிகவும் பயனுள்ளவை. அதே ஒயிலைப் பெற்றோலில் கலந்து எரித்தால், உலோகம் எரியாது. சாம்பலாகிப் பிளக்கின் முனையிலும் பிஸ்டன் தலையிலும் புகை வெளியேறும் துளையிலும் கெட்டியாகப் படியும். பிளக் அடைத்துக்கொள்ளும். பிஸ்டன் தலையில் படிந்த சாம்பல் தணலாகச் சிவந்து, பொறி விழுமுன்னரே பெற்றோலைப் பற்றவைக்கவும் கூடும். அந்த முன்பற்றல் பிஸ்டனையே துளைத்துவிடும். அத்துடன் அந்த ஒயில் பெற்றோலில் எளிதாகக் கரைவதுமில்லை. கானை நன்றாகக் குலுக்காவிட்டால் ஒயில் அடியிலேயே தங்கிவிடும். எஞ்சினுக்கு ஒரு நேரம் ஒயில் மிகையாகவும் இன்னொரு நேரம் வெறும் பெற்றோலாகவும் போகும்.

மறுபுறம், டூ ஸ்ட்ரோக் ஒயில் தொட்டுப் பார்த்தால் நீர்த்தது போலிருக்கும். பெற்றோலில் சட்டென்று கரைவதற்காக அதில் கரைப்பான் சேர்த்திருப்பதே காரணம். அதனால் அது தரம் குறைந்ததாகிவிடாது. அதை ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் அடியில் ஊற்றினால், பல மணிநேரச் சூட்டைத் தாங்கி நிற்கும் சேர்மானங்கள் அதில் இல்லாதபடியால் பேரிங்குகள் விரைவில் தேயும்.

நிறத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். டூ ஸ்ட்ரோக் ஒயிலில் சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் சேர்ப்பது, கானிலுள்ள பெற்றோலில் ஒயில் கலந்தாயிற்றா இல்லையா என்று கண்ணால் பார்த்து அறிவதற்காக மட்டுமே. நிறம் தரத்தைக் காட்டாது. சிவப்பு ஒயில்தான் அசல் என்று சொல்லி விற்பவரின் பேச்சில் பொருளில்லை.

கையிலிருப்பது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது

தோற்றத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தோளில் மாட்டும் புல் வெட்டும் மெசின்களில் ஃபோர் ஸ்ட்ரோக்கும் விற்பனைக்கு உண்டு. நீர்ப்பம்பிகள் பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக், ஆனால் ஒரு கையால் தூக்கக்கூடிய சிறியவற்றில் டூ ஸ்ட்ரோக்கும் உண்டு. 650 முதல் 950 வாற் வரையான சிறிய ஜெனரேட்டர்களில் பல டூ ஸ்ட்ரோக். அதைவிடப் பெரியவை அநேகமாக ஃபோர் ஸ்ட்ரோக்.

மூடிகளை எண்ணிப் பாருங்கள். பெற்றோல் தாங்கியின் மூடியைத் தவிர, எஞ்சினின் அடிப்பகுதியில் ஒயில் ஊற்றுவதற்கென்று அளவுகோல் பொருத்திய இன்னொரு மூடி இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக். பெற்றோல் மூடி மட்டும் இருந்து, அதன்மேல் எண்ணெய்த் துளியின் படமோ 25:1, 40:1, 50:1 போன்ற விகிதமோ பொறித்திருந்தால் அது டூ ஸ்ட்ரோக். படகு எஞ்சினில் அடியிலுள்ள கியர்ப் பெட்டிக்கும் தனி ஒயில் உண்டு என்பதால், அந்தத் திருகாணியைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. தலைப்பகுதியின் மூடியைத் திறந்து அளவுகோல் இருக்கிறதா என்று பாருங்கள்.

டூ ஸ்ட்ரோக் ஒயிலிலும் இரண்டு குடும்பம்

எங்கள் பகுதியில் கடலும் வயலும் ஒரே வீட்டில் சந்திப்பதால் நேரும் தவறு இது. படகுக்கு வாங்கிய டூ ஸ்ட்ரோக் ஒயிலில் மிஞ்சியதை மருந்தடிக்கும் மெசினுக்குக் கலப்பார்கள். அதற்கு வாங்கியதைப் படகுக்கும் விடுவார்கள். இரண்டும் டூ ஸ்ட்ரோக்தானே என்பது வாதம். வாதத்தில் விடுபட்டது சூடு.

வெளியிணைப்பு எஞ்சின் கடல்நீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அதன் சிலிண்டர் ஒப்பளவில் குளிர்ச்சியானது. ஆனால் கரையை விட்டது முதல் மணிக்கணக்காக முழு வேகத்தில் ஓடும். இப்படி ஓடும் எஞ்சினில் உலோகச் சாம்பல்தான் பெரிய எதிரி. எனவே இதற்கான ஒயிலில் சாம்பல் விடும் சேர்மானங்களே சேர்ப்பதில்லை. போத்தலில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று பொறித்திருக்கும். அமெரிக்கப் படகு உற்பத்தியாளர் சங்கத்தின் தரக்குறி அது.

புல் வெட்டும் மெசின், மரம் அரியும் வாள் மெசின், மருந்தடிக்கும் மெசின் ஆகியவை காற்றால் குளிர்பவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில், ஏற்கெனவே சூடாக இருக்கும் காற்றே அவற்றைக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சூட்டில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளின் காடியில் ஒயில் கருகிப் பிசினாகும். ரிங் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழுவி வைத்திருக்க, சிறிதளவு சாம்பல் விட்டாலும் பரவாயில்லை என்று சேர்க்கப்படும் கழுவும் சேர்மானம் தேவை. ஜப்பானிய வாகனத் தர அமைப்பான ஜாசோ இத்தகைய ஒயில்களை எஃப்பி (FB), எஃப்சி (FC), எஃப்டி (FD) என்று தரம் பிரிக்கிறது. எஃப்சி குறைந்த புகை விடுவது. எஃப்டி அதே அளவு குறைந்த புகையுடன், கூடுதல் சூட்டிலும் உள்ளே சுத்தமாக வைத்திருப்பது. இன்று வாங்குபவர் எஃப்சிக்குக் கீழே இறங்க வேண்டியதில்லை; நாள் முழுவதும் வேலை செய்யும் மெசினுக்கு எஃப்டியே ஏற்றது. சில போத்தல்களில் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் ஏபிஐ டிசி (API TC) என்ற குறி இருக்கும். அதுவும் காற்றால் குளிரும் எஞ்சினுக்கான குறிதான்; டிசி-டபிள்யூ3 உடன் அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சுருங்கச் சொன்னால், நீரால் குளிரும் படகு எஞ்சினுக்கு டிசி-டபிள்யூ3. காற்றால் குளிரும் மெசினுக்கு எஃப்சி அல்லது எஃப்டி.

மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின்களும் எங்கள் கரைகளில் இருக்கின்றன. பெற்றோலில் கிளப்பிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயே பிசுபிசுப்பானது, அதற்கு ஒயில் குறைவாகப் போதும் என்று எண்ணுவது ஆபத்தானது. அத்தகைய எஞ்சினுக்குரிய விகிதத்தை அதன் கைநூலில் பார்த்தே கலக்க வேண்டும்.

கலவைக் கணக்கு

டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பழுதாவதில் ஒயிலின் தரத்தைவிட அளவுக்கே பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து. விகிதம் என்பது ஒயிலின் ஒரு பங்குக்குப் பெற்றோலின் எத்தனை பங்கு என்பது. 50:1 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் ஒயில். 40:1 என்றால் 25. 25:1 என்றால் 40. ஐந்து லீற்றர் கானுக்கு 50:1 விகிதத்தில் 100 மில்லிலீற்றரும் 25:1 விகிதத்தில் 200 மில்லிலீற்றரும் வரும். எண் சிறிதானால் ஒயில் கூடும் என்பதைக் கவனியுங்கள். 25:1 என்பது 50:1 இன் இரு மடங்கு ஒயில்.

சிக்கல், நாம் அளக்கும் பாத்திரத்தில் தொடங்குகிறது. எங்கள் வழக்கில் போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர். பெரிய சோடாப் போத்தல் 1.5 லீற்றர். லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் என்று கேள்விப்பட்டவர், அதையே ஒரு போத்தல் பெற்றோலுக்கு விட்டால் கலவை 37.5:1 ஆகிவிடுகிறது, சோடாப் போத்தலுக்கு விட்டால் 75:1 ஆகிறது. ஒன்று தேவைக்கு மேல், மற்றது ஆபத்தாகும் அளவுக்குக் குறைவு. இரண்டு மூடி, மூன்று மூடி என்று ஒயில் போத்தலின் மூடியால் அளப்பது இதைவிட மோசம், ஏனெனில் மூடியின் கொள்ளளவு போத்தலுக்குப் போத்தல் மாறும். மருந்துக்கடையில் கிடைக்கும் 20 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று இந்தத் தொல்லை முழுவதையும் தீர்த்துவிடும். லீற்றர் கோடு போட்ட கான் ஒன்றும் சேர்ந்தால் அளவு பிசகாது.

ஒயில் குறைந்தால் நடப்பது என்ன என்பதைப் பழுதான பிஸ்டன் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். புகை வெளியேறும் துளையின் பக்கத்தில், மேலிருந்து கீழாக நெடுங்கீறல்கள் விழுந்திருக்கும்; விரல் நகத்தை வைத்து இழுத்தால் தடக்கும். சிலிண்டர் சுவரைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், பிஸ்டனிலிருந்து உருகிய அலுமினியம் சாம்பல் நிறப் பட்டையாக ஒட்டியிருக்கும். எஞ்சின் 'பிடித்துவிட்டது' என்று கராஜில் சொல்வது இதைத்தான். அந்தப் பக்கமே முதலில் பழுதாவதற்குக் காரணம், சூடான புகை வெளியேறும் இடம் அது என்பதால் அங்குள்ள ஒயில் படலம் முதலில் முறிவதுதான்.

ஒயில் கூடினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இன்னொன்றையும் அறியவேண்டும். காபரேட்டரின் சிறுதுளை வழியே குறித்த நேரத்தில் குறித்த அளவு திரவம்தான் போக முடியும். அதில் ஒயிலின் பங்கு கூடினால் பெற்றோலின் பங்கு குறையும். தடிப்பான கலவை மெதுவாகவும் பாயும். பெற்றோல் குறைந்து காற்று மிகுந்த கலவை கூடுதல் சூட்டில் எரியும். அதாவது எஞ்சினைக் காப்பாற்ற ஊற்றிய மிகை ஒயில், ஒரு பக்கத்தில் எஞ்சினைச் சூடாக்கவே உதவுகிறது. மறுபக்கத்தில் பிளக் ஈரக்கரியால் நனைந்து பொறி விடாமல் போகும், சைலன்சரின் துளை கரிப்பொருக்கால் ஒடுங்கும், மெசின் வலுவிழக்கும். புதிய எஞ்சினின் முதல் சில மணிநேரத்துக்கு மட்டும் இரு மடங்கு ஒயில் விடச் சொல்லும் கைநூல்கள் உண்டு. பல படகு எஞ்சின்களுக்கு அது 25:1. அந்தக் காலம் முடிந்ததும் வழமையான விகிதத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

கலக்கும்போது தாங்கிக்குள் நேரே ஊற்றாதீர்கள். கானில் பாதிப் பெற்றோலை விட்டு, அளந்த ஒயிலைச் சேர்த்துக் குலுக்கி, மீதிப் பெற்றோலையும் விட்டு மறுபடி குலுக்குங்கள். கலந்ததை ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. பெற்றோல் பழசாகி ஆவியாகும்போது ஒயிலின் விகிதம் மாறிவிடும். பெரும்போகம் முடிந்து மெசினை ஒதுக்கி வைப்பதானால் தாங்கியை வெறுமையாக்கி, காபரேட்டரில் எஞ்சியது தீரும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

ஃபோர் ஸ்ட்ரோக் போத்தலில் உள்ள எண்கள்

ஃபோர் ஸ்ட்ரோக்கில் அளவு பெரிய சிக்கலல்ல, அளவுகோல் இருக்கிறது. போத்தலை வாசிப்பதில்தான் தடுமாற்றம். 10டபிள்யூ-30, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்பவை பாகுநிலையைக் குறிக்க எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியியலாளர் சங்கம் வகுத்த எண்கள். பாகுநிலை என்பது ஒரு திரவம் பாய்வதற்குக் காட்டும் தயக்கம். தேனுக்குக் கூட, தண்ணீருக்குக் குறைவு. டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் அந்த ஒயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும், பின்னுள்ள எண் 100 பாகை செல்சியஸ் சூட்டில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் சொல்கின்றன. எங்கள் காலநிலையில் பனி உறையும் காலை என்று ஒன்று இல்லாததால் முன்னெண் பெரிய விடயமல்ல. பின்னெண்ணே கவனிக்க வேண்டியது.

சிறிய பெற்றோல் நீர்ப்பம்பிக்கு 10டபிள்யூ-30 அல்லது வெறும் எஸ்ஏஇ 30 என்பதே பல தயாரிப்பாளர்களின் பரிந்துரை. தடிப்பானது நல்லது என்று 20டபிள்யூ-50 விடுபவர்கள், தெறிப்பை நம்பி ஓடும் சிறு எஞ்சினில் தடித்த ஒயில் தாராளமாகத் தெறிக்காது என்பதை யோசிப்பதில்லை. பல மோட்டார் சைக்கிள்களுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் 20டபிள்யூ-50 ஏற்றதாக இருப்பது, அவற்றுக்குள் ஒயிலைத் தள்ளும் பம்பு இருப்பதாலும் அந்த எஞ்சின்கள் அதற்கேற்ப அமைக்கப்பட்டிருப்பதாலும்தான்.

ஏபிஐ என்ற எழுத்துகளுக்குப் பின்னே வருவது சேர்மானங்களின் தரம். எஸ் என்று தொடங்கினால் பெற்றோல் எஞ்சினுக்கு, சி என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கு. இரண்டாவது எழுத்து அகரவரிசையில் முன்னேற முன்னேறத் தரம் புதியது: எஸ்எல் (SL) 2001 இலும் எஸ்என் (SN) 2010 இலும் எஸ்பி (SP) 2020 இலும் வந்தவை. இருசக்கர உழவு இயந்திரத்தின் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு சி வரிசைதான் வேண்டும். டீசல் எரியும்போது விடும் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஆற்றல் அதற்கே அதிகம்.

அந்த உழவு இயந்திரத்தில் ஒயிலை மாற்றி ஒரு வயல் உழுது முடிப்பதற்குள் அது கறுத்துவிடும். தாச்சி எண்ணெய் உவமை இந்த இடத்தில் பொருந்தாது. ஒயில் கறுப்பது, அது கரியைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கிறது என்பதன் அடையாளம், கெட்டுவிட்டது என்பதல்ல. அஞ்ச வேண்டிய நிறம் கறுப்பல்ல, வெண்மை. அளவுகோலைத் துடைத்து எடுக்கும்போது பால் கலந்தது போல நுரைத்த ஒயில் ஒட்டிவந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. மாரி வெள்ளத்தில் மூழ்கிய பம்பியை, ஒயிலை வடித்துப் புதிது விடாமல் ஒருதரம்கூட இழுத்துக் கிளப்பக் கூடாது.

மோட்டார் சைக்கிளுக்கு ஏன் கார் ஒயில் கூடாது

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளச் மூன்றும் ஒரே ஒயிலில் மூழ்கியிருக்கின்றன. கிளச் தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்தால்தான் சில்லு சுற்றும். கார் ஒயில்கள் பலவற்றில் எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. அது கிளச் தட்டுக்குள் புகுந்தால் தட்டு வழுக்கும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது. எனவே மோட்டார் சைக்கிளுக்கு ஜாசோ எம்ஏ (MA) அல்லது எம்ஏ2 (MA2) குறி வேண்டும். எம்பி (MB) என்பது, கிளச் ஒயிலில் மூழ்காத ஸ்கூட்டர்களுக்கு உரியது. நீர்ப்பம்பிக்கு இந்தக் குறி எதுவும் தேவையில்லை. ஃபோர் ஸ்ட்ரோக் படகு எஞ்சினுக்கு எஃப்சி-டபிள்யூ என்ற தனிக்குறி உண்டு. உப்புக் காற்றில் உள்ளுறுப்புகள் துருப்பிடிக்காமல் காப்பது அதன் சிறப்பு.

எவ்வளவு, எப்போது, எப்படி வைத்து

பரவலாகப் பயன்படும் ஹொண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினை எடுத்துக்கொண்டால், அதற்குப் பிடிக்கும் ஒயில் சுமார் 600 மில்லிலீற்றர்தான். முதல் மாற்றம் 20 மணிநேரத்தில் அல்லது ஒரு மாதத்தில். பிறகு 100 மணிநேரத்துக்கு ஒருதடவை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருதடவை, எது முந்துகிறதோ அது. சிறுபோகத்தில் நாளுக்குப் பத்து மணிநேரம் ஓடும் பம்பிக்கு 100 மணிநேரம் என்பது பத்தே நாள். போகத்துக்கு ஒருதரம் மாற்றினால் போதும் என்ற வழக்கம் இந்தக் கணக்கின் முன் நிற்காது. முதல் மாற்றத்தைத் தள்ளிப்போடுவது எல்லாவற்றிலும் மோசமானது, ஏனெனில் புதிய எஞ்சினின் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் உலோகத் துகள்கள் அந்த முதல் ஒயிலில்தான் மிதக்கின்றன.

எஞ்சின் சூடாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். அளவு பார்ப்பது சமதரையில். ஜிஎக்ஸ் வகையில் அளவுகோலைத் திருகாமல் வெறுமனே நுழைத்துப் பார்க்க வேண்டும். வேறு தயாரிப்புகளில் திருகிப் பார்க்கச் சொல்வதும் உண்டு. மேற்கோட்டுக்கு மேல் ஊற்றினால் கிராங்க் அடித்து நுரையாக்கும், காற்று வடிகட்டிக்குள் ஒயில் ஏறும், வெண்புகை வரும்.

வாய்க்கால் கட்டின் சரிவில் பம்பியை வைக்கும் வழக்கத்தைப் பற்றி இனிப் பேசலாம். சரிவில் ஒயில் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது, தண்டின் நீட்சி வெறுங்காற்றில் சுழல்கிறது, தெறிப்பு நின்றுவிடுகிறது. ஒயில் நிறைய இருந்தும் எஞ்சின் வறண்டு ஓடுகிறது. பல எஞ்சின்களில் இதை உணர்ந்து தானாக நிறுத்தும் உணரி உண்டு. பம்பி அடிக்கடி நிற்கிறது என்று அந்த உணரியின் வயரைக் கழற்றிவிடுபவர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. நின்றது பழுதல்ல, எச்சரிக்கை. மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டிச் சமதளம் ஆக்கவோ, ஒரு பலகையை அண்டை கொடுக்கவோ ஐந்து நிமிடம் போதும்.

ஏற்கெனவே தவறாக ஊற்றிவிட்டால்

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் தாங்கியில் ஒயில் கலந்த பெற்றோலை விட்டுவிட்டால் பதற வேண்டாம். புகையும், பிளக்கில் கரி பிடிக்கும், அவ்வளவுதான். தாங்கியை வடித்துச் சுத்தமான பெற்றோல் விட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்தால் சரியாகிவிடும். அதன் அடியில் டூ ஸ்ட்ரோக் ஒயிலை ஊற்றியிருந்தால், கிளப்பாமல் முழுவதையும் வடித்து, சரியான ஒயிலை விட்டுச் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, அதையும் வடித்துப் புதிதாக நிரப்புங்கள்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒயில் கலக்காத பெற்றோலை விட்டதுதான் உண்மையான அவசரம். உடனே நிறுத்துங்கள். ஆறியபின் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை மெல்ல இழுத்துப் பாருங்கள். தடங்கலின்றிச் சுழன்றால், பிளக் துளை வழியே சில துளி டூ ஸ்ட்ரோக் ஒயிலை விட்டு, மேலும் நாலைந்து தடவை இழுத்து, தாங்கியையும் காபரேட்டரையும் வடித்துச் சரியான கலவையை நிரப்பலாம். இடையில் எங்கேனும் கரகரத்தால் கயிற்றை விட்டுவிட்டு, சிலிண்டரைக் கழற்றிப் பார்க்கக்கூடிய மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த நிலையில் வலிந்து இழுக்கும் ஒவ்வொரு இழுவையும், பிஸ்டனும் ரிங்கும் மட்டும் மாற்றி முடித்திருக்கக்கூடிய வேலையைச் சிலிண்டர் மாற்றும் வேலையாக்கிவிடும்.